நீர் போன வழி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவர், பட்டிமன்றம் நடத்துவர், சிறுவர் சிறுமியர் ஆடிப் பாடி மகிழ்விப்பர். இவற்றின் நடுவே, மோட்டார் வண்டியின் இயந்திரம் ஏன் கொதிக்கிறது என்று பேச அழைப்பது புதுமையே. செயற்குழுவினர் இப்பொருளைக் கொடுத்தபோது நாங்களும் சற்றுத் திகைத்தோம். எண்ணிப் பார்த்தபோதோ, இதைவிட நமக்கு நெருங்கிய பொருள் வேறில்லை என்று தோன்றிற்று. பிழைப்பை நாடிப் பெங்களூரில் குடியேறியவர்கள் நாம். பொங்கல் வந்தால் ஊர் நினைவு. தீபாவளி வந்தால் ஊர் நினைவு. பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பிள்ளைகளுக்குப் பாட்டி வீட்டு நினைவு. ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரியில் இடப்பக்கம் திரும்பினால் வேலூர், சென்னை. நேரே சென்றால் தருமபுரி, சேலம். நம்முள் பலருடைய சுக துக்கங்கள் இவ்விரு சாலைகளின் வழியே போய் வருகின்றன. அச்சாலையில் முதியோரோடும் குழந்தைகளோடும் நள்ளிரவில் வண்டி நின்றுவிட்டால், அது வெறும் இயந்திரக் கோளாறு அன்று. ஒரு குடும்பத்தின் துன்பம்.

இன்னொன்றும் உண்டு. இந்நகரில் 1940-இல் விமானத் தொழிற்சாலையும், 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. இவற்றின் வாயில்களுக்குள் நாள்தோறும் நுழைந்தவர்களில் தமிழர் பலர் இருந்தனர். இரும்போடும் எண்ணெயோடும் பழகிய கைகள் நம்முடையவை. நாங்களும் அவ்வாறு இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்தவர்களே. ஆயினும் இம்மேடையில் பேசும் தகுதி எங்களுக்கு வந்தது அந்த அனுபவத்தால் அன்று. நாங்கள் செய்த ஒரு பிழையால். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். சேலத்தில் ஒரு திருமணத்துக்குச் சென்றுவிட்டுக் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் ஆறு பேர், மேலே மூட்டை முடிச்சுகள், உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சேலத்திலிருந்து வருவோர்க்குத் தொப்பூர்க் கணவாய் ஏற்றம் என்பதை அறிவீர்கள். பாதி ஏறுமுன் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி பீறிட்டது. ஓரமாக நிறுத்தினோம். எங்கள் மைத்துனர் துடிப்பானவர். தோளில் கிடந்த துண்டை நனைத்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டரின் மூடியைத் திருகினார். அடுத்த நொடி கொதிநீர் ஆள் உயரம் எழும்பிற்று. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. முழங்கை வரை வெந்துபோயிற்று.

அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். புண்பட்ட கையின்மேல் வெகுநேரம் தண்ணீர் விடச் செய்தார். பிறகு எங்களைப் பார்த்து, “ஏன் சார், அடுப்புல விசில் அடிக்கிற குக்கரை யாராச்சும் மூடியைத் திருகித் தொறப்பாங்களா?” என்று கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அவரே கீழே குனிந்து பார்த்து, ரேடியேட்டரின் அடிப்பக்க ரப்பர்க் குழாய் கிளாம்பின் அருகே வெடித்திருப்பதைக் காட்டினார். வெடித்த நுனியை அரிந்து, எஞ்சியதை இழுத்து மாட்டி, இறுக்கிக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். “எத்தனை நாளா தண்ணி கொறையுது சார்?” என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்விதான் எங்களைச் சுட்டது. ஏனெனில் அதற்கு முன் ஒரு மாத காலம், வாரந்தோறும் அரை லிட்டர் நீரை நாங்களே ஊற்றி வந்தோம். குறைகிறது, ஊற்றுகிறோம் என்று இருந்தோமே ஒழிய, ஊற்றிய நீர் எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டோமில்லை. அன்பர்களே, இன்று நாங்கள் சொல்ல வந்தது இவ்வொரு செய்திதான்: நீர் ஊற்றுவது மருந்தன்று; நீர் போன வழியைக் காண்பதே மருந்து.

இதன் உண்மை விளங்க, இயந்திரத்துக்கு நீர் ஏன் வேண்டும் என்பதைச் சிறிது காண்போம். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது அங்கே தோன்றும் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்டது. இக்கால இயந்திரத்தின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. ஏறத்தாழ ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது. எஞ்சிய பங்கை யாரேனும் சுமந்து வெளியேற்ற வேண்டும். அந்தச் சுமையாளே நீர்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இவ்வேலை மிக எளிய முறையில் நடந்தது. 1888 ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் இரு புதல்வரையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்குப் புறப்பட்டார். 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. அம்மையார் சென்றது எங்கே தெரியுமா? தம் தாய் வீட்டுக்கு! மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமே ஒரு பெண் பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குச் சென்ற பயணம் என்பது நம் தாய்மார்களுக்கு இனிக்கும் செய்தி. அவ்வண்டியில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதன் மூலமே இயந்திரம் குளிர்ந்தது. ஆகவே வழியில் கண்ட நீர்நிலைகளில் அடிக்கடி நிறுத்தி நீர் நிரப்பியபடியே அவர் செல்ல வேண்டியிருந்தது.

பிறகு 1901-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் என்பார் தேனடை போன்ற ரேடியேட்டரை அமைத்தார். அதில் 8,070 சிறு குழாய்கள் இருந்தன. அவற்றின் வழியே காற்று புக, சூழ்ந்திருந்த நீர் விரைந்து குளிர்ந்தது. ஆவியாகி வீணாகாமல் மீண்டும் இயந்திரத்துக்கே திரும்பிற்று. அன்று முதல் வளர்ந்து வளர்ந்து, இன்றைய வண்டியில் நீரோட்டம் முற்றும் மூடிய வட்டமாகிவிட்டது. இதை நன்கு மனத்தில் வைக்க வேண்டுகிறோம். பெர்த்தா அம்மையார் அடிக்கடி நீர் ஊற்றியது அவ்வண்டியின் இயல்பு. நம் வண்டிக்கு நாம் அடிக்கடி நீர் ஊற்ற நேர்ந்தால் அது நோய்.

இம்மூடிய வட்டத்தைப் பெங்களூரில் வாழும் நமக்கு விளக்குவது எளிது. நம் வீட்டுக் குழாயில் வரும் காவிரி நீர் எப்படி வருகிறது? ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளி முதலாக மூன்று நிலைகளில் பம்பு செய்யப்பட்டு, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வருகிறது. 1974-இல் தொடங்கிய அத்திட்டத்தில் பம்பு நின்றால் நகரம் தவிக்கும். குழாய் உடைந்தால் நகரம் தவிக்கும். வால்வு திறவாவிட்டாலும் தவிக்கும். வண்டியிலும் இவையே உள்ளன. வாட்டர் பம்பு நீரைத் தள்ளுகிறது. நீர் சிலிண்டர்களைச் சூழ்ந்து ஓடி, தலைப்பகுதிக்கு ஏறி, தெர்மோஸ்டாட் என்னும் வால்வைக் கடந்து, மேற்குழாய் வழியாக ரேடியேட்டரில் இறங்குகிறது. அங்கே காற்றால் குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியாகப் பம்புக்கே திரும்புகிறது. இவற்றைக் கடைத்தெருவில் வழங்கும் பெயராலேயே குறிக்கிறோம், ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ உதிரிப்பாகம் வாங்கப் போகும்போது அப்பெயரே உங்களுக்கு உதவும்.

நம் நகரத்துக்கே உரிய ஒரு செய்தியையும் இங்குச் சொல்ல வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இங்கே ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உதகையில் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். ஆனால் இயந்திரம் நன்கு வேலை செய்வது 90 டிகிரியை ஒட்டிய சூட்டில். ஏற்றத்தில் அதற்கும் மேலே போகும். நீர் கொதியாமல் எப்படி நிற்கிறது? மூடியினால். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அன்று. சுருள்வில் வைத்த வால்வு. உள்ளே காற்று மண்டலத்தைப்போல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு அழுத்தத்தை அது தேக்கி வைக்கிறது. அதனால் கொதிநிலை 120 டிகிரியை ஒட்டி உயர்ந்துவிடுகிறது. லாரி ஓட்டுநர் சொன்ன குக்கர் உவமை முற்றும் பொருத்தமே. மூடியைத் திறந்ததும் அழுத்தம் விழுகிறது. அதுவரை கொதியாதிருந்த நீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பாய்கிறது. எங்கள் மைத்துனரின் கையை வேகவைத்தது இதுவே. கூலன்ட் என்னும் கரைசலும் கொதிநிலையைச் சிறிது உயர்த்துகிறது. அன்றியும், உட்புறம் துருப்பிடியாமல் காக்கிறது.

இனி நோயறிதலுக்கு வருவோம். வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில், நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, தணிக்கும் வழியை அறிந்த பிறகே செயல்பட வேண்டும் என்று முறை வகுத்துள்ளார். உடலுக்குச் சொன்ன அம்முறை இயந்திரத்துக்கும் தப்பாமல் பொருந்தும். முதலில் நாம் கேட்க வேண்டிய கேள்வி: எப்போது சூடேறுகிறது? காய்ச்சல் காலையிலா மாலையிலா என்று மருத்துவர் கேட்பதுபோன்றது இது.

சில்க் போர்டு சந்திப்பிலும் ஹெப்பாளத்திலும் நெரிசலில் நிற்கும்போது சூடேறி, வண்டி ஓடத் தொடங்கியதும் தணிந்தால், ஐயம் விசிறியின் மீது விழ வேண்டும். ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது விசிறியே காற்றைத் தருகிறது. வண்டியை நிறுத்தி, இயந்திரம் ஓட, ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் விசிறி சுழலத் தொடங்கும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கம்பி இணைப்பு, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சில வேளை பத்து இருபது ரூபாய் ஃபியூஸோடு வேலை முடிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: மின்விசிறி இயந்திரத்தை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலக் கூடும். விரலும் துண்டும் சேலைத் தலைப்பும் அதனருகே போகலாகாது.

நகருக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் விரையும்போதோ ஏற்றத்திலோ சூடேறினால், நீரோட்டத்தில் குறை உண்டு. ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருக்கலாம், வெளியே பூச்சியும் சேறும் தகடுகளை மூடியிருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம், பம்பைச் சுழற்றும் பெல்ட் நழுவலாம். வெளி அழுக்கை இயந்திரத்தின் பக்கமிருந்து வெளிப்புறமாக மெல்லிய நீர்த்தாரையால் கழுவ வேண்டும். பீறிடும் விசைக்குழாயைப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றின் வழி முன்னிலும் அடைபடும்.

புறப்பட்டுச் சில நிமிடங்களிலேயே முள் ஏறிவிட்டால், நீரே இல்லாதிருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம். நல்ல வண்டியில், காலையில் கிளப்பியதும் மேற்குழாய் குளிர்ந்தே இருக்கும். இயந்திரம் போதிய சூடு பெற்றதும் வால்வு திறந்து, குழாய் திடீரெனச் சுடும். முள் சிவப்பை நெருங்கியும் ரேடியேட்டர் குளிர்ந்தே கிடந்தால், வால்வு திறவவில்லை. அன்றேல் பம்பு தள்ளவில்லை. மாறாக, வெகுதூரம் ஓடியும் இயந்திரம் சூடே பெறாவிட்டால், வால்வு திறந்தபடி நின்றுவிட்டது. அல்லது யாரோ கழற்றி எறிந்துவிட்டார்கள்.

ஆம், கழற்றி எறியும் வழக்கம் நம் நாட்டுப் பட்டறைகள் சிலவற்றில் இன்றும் உண்டு. “இது குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் வேண்டும்” என்பார்கள். அது தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத இயந்திரம் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகும், இன்றைய இயந்திரக் கணினி, இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும், தேய்மானம் மிகும். ரேடியேட்டர் அடைபட்ட வண்டியில் இவ்வாறு கழற்றுவது, காய்ச்சலைத் தணிக்காமல் வெப்பமானியை உடைத்ததுபோலாகும். தெர்மோஸ்டாட் நல்லதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கழற்றிய வால்வை நூலில் கட்டி, பழைய பாத்திரமொன்றில் நீர் வைத்து, அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். வால்வின் மேல் 82 என்றோ 88 என்றோ எண் பொறித்திருக்கும். நீர் அச்சூட்டை நெருங்கும்போது அது மெல்ல வாய் திறக்க வேண்டும். கொதித்த பின்னும் திறவாததை மாற்றிவிடுங்கள். இச்சோதனையைச் செய்து காட்டினால் பிள்ளைகளுக்கு அது ஒரு விஞ்ஞான பாடமாகவும் அமையும்.

இரண்டாவது கேள்வி: நீர் எங்கே போகிறது? நீர் போகும் வழிகள் மூன்றே.

முதல் வழி, வெளியே கசிவது. இரவில் வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவையுங்கள். காலையில் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கறை தெரிந்தால் கூலன்ட் கசிகிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டுவது நிறமற்ற தெளிந்த நீர். அதைக் கண்டு அஞ்ச வேண்டா. குளிர்ந்த நிலையில் ரப்பர்க் குழாய்களைப் பிசைந்து பாருங்கள். வெடிப்பு, ஊதல், அளவு மீறிய இளக்கம் இருந்தால் மாற்றுங்கள். மூட்டுகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அதுவே கசிவின் சுவடு. பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் ஈரம் கண்டால் பம்பு ஓய்வை நாடுகிறது என்று பொருள். வண்டிக்குள் இனிப்பு மணம் வீசி, முன் இருக்கையின் காலடி விரிப்பு நனைந்திருந்தால், உள்ளிருக்கும் ஹீட்டர் கசிகிறது. எங்கள் வண்டியில் நேர்ந்ததுபோல், சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே கசிந்து, வழியிலேயே உலர்ந்து, வீட்டு வாயிலில் தடமே காட்டாத கசிவும் உண்டு. அதைக் காண, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கருவி பட்டறைகளில் இருக்கிறது. அதை வைத்துச் சோதிக்கும்படி கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது வழி, மூடி. சுருள்வில் தளர்ந்தாலும் ரப்பர் வளையம் வெடித்தாலும் அழுத்தம் நிற்காது. நம் உயரத்தில் நீர் விரைவில் கொதித்து ஆவியாகிவிடும். மூடியின் விலை குறைவு. அதன் மேல் பொறித்துள்ள அழுத்த எண்ணைப் பார்த்து அதே அளவு மூடியை வாங்க வேண்டும். பொருந்துகிறதே என்று வேறெதையும் மாட்டலாகாது.

மூன்றாவது வழி அஞ்சத்தக்கது. அது இயந்திரத்தின் உள்ளேயே போவது. தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட் வெந்துபோனால், நீர் சிலிண்டருக்குள்ளோ எண்ணெயிலோ கலக்கும். இயந்திரம் சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாமல் வருவது, எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் நிறம் மாறுவது, இயந்திரம் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழி எழுவது, குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதுமே மேற்குழாய் கல்போல் இறுகுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வண்டியை ஓட்டாதீர்கள். ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்நோய் தானாக வருவதில்லை. சிவப்பு விளக்கு எரிந்த பின்னும் “இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே” என்று ஓட்டியவர்க்கே வருகிறது. அளவு மீறிய சூட்டில் அலுமினியத் தலைப்பகுதி வளைந்துவிடும். சில நூறு ரூபாய்க் குழாயில் முடிந்திருக்க வேண்டிய செலவு பல்லாயிரமாகும்.

வழியில் சூடேறினால் செய்வது என்ன? ஏ.சி.யை உடனே நிறுத்துக. ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, கண்ணாடிகளை இறக்குக. சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று நகைக்க வேண்டா. அதுவும் ஒரு சிறு ரேடியேட்டரே, இயந்திரத்தின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இடப்புறம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. முள் உச்சியில் இருந்தாலோ ஆவி வந்தாலோ இயந்திரத்தை உடனே அணைத்து, முன்பின் விளக்குகளைச் சிமிட்டவிட்டு, குழந்தைகளையும் முதியோரையும் சாலையை விட்டு விலகி நிற்கச் செய்க. முள் திடீரென இறங்கினால் மகிழ வேண்டா. நீர் முழுதும் போய், உணர்கருவி நீரைத் தொடாததாலும் முள் இறங்கும். மூடியின் பக்கம் குறைந்தது அரை மணி, இயன்றால் ஒரு மணி நேரம் போகாதீர்கள். மேற்குழாய் துணியால் அழுத்தும்போது இளகிக் கொடுத்தால்தான் மூடியைத் தொடலாம். அப்போதும் கனத்த துணியால் மூடி, முகத்தை விலக்கி, முதற்படி மட்டும் திருகி, அழுத்தம் முழுதும் ஓய்ந்த பின்னரே திறக்க வேண்டும். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கும். ஆறவிட்டு, மெல்ல ஊற்றுக.

நம்மவர் கைம்மருந்து ஒன்றும் உண்டு: ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள் தூளைப் போடுவது. காட்டு வழியில், வேறு துணையற்ற நேரத்தில், அது சிறு துளையை அடைத்து ஊர் சேர்த்துவிடக் கூடும். பழிக்க மாட்டோம். ஆனால் துளையை அடைத்த தூள் மற்றக் குழாய்களையும் அடைக்கும். ஊர் சேர்ந்ததும் கழுவி எடுத்து, துளையைச் செம்மை செய்யாவிடில், மருந்தே நோயாகும். நம் குடியிருப்புகளில் கிடைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரும் அத்தகையதே. உப்பு மிகுந்த அந்நீர் வீட்டு வெந்நீர்க் கொதிகலத்தில் எவ்வாறு வெள்ளையாகப் படிகிறதோ அவ்வாறே ரேடியேட்டரிலும் படியும். நெருக்கடியில் எந்த நீரையும் ஊற்றலாம். வீடு வந்ததும் அதை வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் உரிய அளவு கலந்த கூலன்டை நிரப்புக. எவ்வகை, எவ்வளவு என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கிறது. நிரப்பிய பின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவதும் இன்றியமையாதது. இல்லையேல் புது நீர் ஊற்றிய வண்டியும் சூடேறும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அதன் சுவையோ இனிப்பு. நிறமோ சர்பத்தைப்போல் அழகு. சிறிதளவு உட்கொண்டாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்க வல்லது. அதைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி மாடிப்படியின்கீழ் வைப்பது பெருந்தவறு. தெருவில் கொட்டினால் நாயும் பூனையும் நக்கி மடியும். மீந்ததை மூடிய கலத்தில், பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.

அன்பர்களே, எங்கள் உரையை முடிக்கும் தறுவாயில் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைப்போம். ஞாயிறுதோறும் காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் தொட்டியில் நீர் இரு கோடுகளுக்கு இடையே நிற்கிறதா என்று பார்த்து எழுதுவோம். எப்போதேனும் ஊற்ற நேர்ந்தால் நாளையும் அளவையும் குறிப்போம். மாதத்தில் இருமுறை ஊற்றியதாக ஏடு சொன்னால், அன்றே காரணத்தைத் தேடுவோம். அவ்வாறு ஓர் ஏடு எங்களிடம் இருந்திருந்தால், எங்கள் மைத்துனரின் கையில் இன்றும் தெரியும் அந்தத் தழும்பு இராது.

இன்னொன்றையும் சங்கத்தின்முன் வைக்கிறோம். அடுத்த கோடை விடுமுறைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் புறப்பட இருப்போர் அனைவரும் தம் வண்டிகளைச் சங்க வாயிலுக்குக் கொண்டு வாருங்கள். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றார் கையில் விளக்கோடு காத்திருப்போம். குழாயைப் பிசைந்து பார்ப்போம், மூடியைப் பார்ப்போம், விசிறியைச் சுழலவிட்டுப் பார்ப்போம். கட்டணம் ஏதுமில்லை. வருவோர்க்குக் காப்பி உண்டு. தொப்பூர்க் கணவாயில் முகம் தெரியாத ஒருவர் எங்களுக்குச் செய்த உதவிக்கு நாங்கள் செலுத்தக்கூடிய கைம்மாறு இதுவே.

உங்கள் பயணங்கள் யாவும் இனிதே அமைக. சென்றவர் அனைவரும் நலமே வீடு திரும்புக.